செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம், லைட்டிங்குக்கு வழி சொல்லுங்க
வணக்கம் நண்பர்களே, அடுத்த மாசம் கானாடுகாத்தான்ல ஒரு பழைய பெரிய வீட்ல நகரத்தார் கல்யாணம் ஃபோட்டோ எடுக்கறேன். போய் பாத்துட்டு வந்தேன், பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடி டைல்ஸ்னு அப்படி ஒரு அழகு, ஆனா லைட்டுதான் பயமா இருக்கு. முற்றத்துல வெயில் சுள்ளுனு அடிக்குது, சுத்தி இருக்கற தாழ்வாரத்துல ஒரே இருட்டு, திருப்பூட்டு, அதாவது தாலி கட்டற சடங்கு, அங்கதான். மேல முழுக்க தேக்குங்கறதால ஃபிளாஷ பவுன்ஸ் பண்ணா வெளிச்சமே திரும்பல, வர்ற கொஞ்சமும் பழுப்பா முகத்துல விழுது. செவுரு வேற முட்டை வெள்ளைக்கருப் பூச்சு, நேரா அடிச்சா பளிச்சுனு புள்ளி விழுது.

கைல சோனி ஏ7 மார்க் 3, 24-70 2.8, ரெண்டு கோடாக்ஸ் ஃபிளாஷ் இருக்கு. தூணுக்குப் பின்னாடி அம்ப்ரெல்லா வைக்கலாமா, இல்ல முற்றம் வெளுத்தாலும் பரவால்லனு முகத்துக்கே எக்ஸ்போஸ் பண்ணவா? கழுத்துரு (நகரத்தார் தாலி) பூட்டுற நேரம் ஆச்சிங்கல்லாம் சுத்தி நின்னுருவாங்க, அந்த ஃபிரேம் மிஸ் ஆகவே கூடாது. அந்த மாதிரி வீட்ல எடுத்தவங்க ப்ளீஸ் சொல்லுங்க.