கப்பலில் நெஞ்சுவலி வந்த அண்ணனுக்கு இழப்பீடு: வழி சொல்லுங்கள்

கப்பல் அனுபவம் உள்ளவர்களுக்கு வணக்கம். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை ஊழியர். 3 மாதங்களுக்கு முன் வேலையில் நின்றபடியே நெஞ்சுவலி வந்து சரிந்துவிட்டார். சிங்கப்பூரில் இறக்கி, ஸ்டென்ட் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். இனிக் கடல் வேலையே கூடாது என்கிறார் இங்குள்ள மருத்துவர்.

அவரைக் கப்பலில் வேலைக்குச் சேர்த்த ஏஜென்சியோ 2 மாதச் சம்பளத்தைத் தந்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறது. அண்ணன் பேனாவைத் திறந்துவிட்டார். அண்ணிதான் பிடுங்கி வைத்தார். நல்லவேளை!

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றிருக்கிறது. நோயுற்ற நாளிலிருந்து 16 வாரமாவது சிகிச்சைச் செலவு கப்பல் உரிமையாளரின் பொறுப்பு என்றும், ஒப்பந்தத் தொகைக்குக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால், இதய நோய் வேலையால் வந்ததல்ல என்று சாதிக்கிறார்கள். கொதிக்கும் அறையில் இரவு பகலாக உழைத்த மனிதரிடம் இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

இதய நோயால் உடல்திறன் இழந்ததற்கு இழப்பீடு பெற்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எந்த ஆவணம் கைகொடுத்தது? சிடிசி (கடல் பணிக்காலத்தைப் பதியும் மாலுமிப் புத்தகம்), பணி ஒப்பந்தம், சிங்கப்பூர் மருத்துவமனை அறிக்கை மூன்றும் கையில் இருக்கின்றன. கப்பலின் மருத்துவப் பதிவேட்டு நகல் மட்டும் இல்லை. அதை எப்படிக் கேட்டு வாங்குவது? முதலில் தொழிற்சங்கத்திடம் போவதா, மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு எழுதுவதா?

திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.