ஊட்டியில ரெண்டு நாள், பிள்ளைங்க இல்லாம. ஒரே ஒரு நல்ல சாப்பாடு எங்க சாப்பிடலாம்?

பவானிக்காரன்:

ஏனுங்க மலைமேல இருக்கறவங்க, ஒரு யோசனை வேணும். கல்யாணமாகி 9 வருசமாச்சு, பெரியவனுக்கு 7, சின்னவளுக்கு 4. மாமியார் அவங்களாவே "ரெண்டு நாளைக்கு நான் பாத்துக்கறேன், எங்கயாச்சும் போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க, மனசு மாறுறதுக்குள்ள ஊட்டியில ரூம் போட்டு இ-பாஸும் எடுத்துட்டேன். சனி காலையில ஏறி ஞாயிறு சாயங்காலம் இறங்கணும்.

தொட்டபெட்டா, போட் ஹவுஸ் எல்லாம் ஸ்கூல் படிக்கும்போதே பாத்தாச்சு. எனக்கு வேணுங்கறது ஒரே ஒரு சாப்பாடு, ரெண்டு பேரும் எதிர் எதிரா உக்காந்து பேசிட்டே சாப்பிடற மாதிரி. எங்க வீட்ல ஓட்டலுக்குப் போறதுன்னா நான் சாப்பிடும்போது அவ சின்னவள தூக்கிட்டு கைகழுவற இடத்துல நிப்பா, அவ சாப்பிடும்போது நான் பார்க்கிங்ல நிப்பேன், ஒரே மேசையில ஒண்ணா உக்காந்து சாப்பிட்டது எப்பன்னு ஞாபகமே இல்ல. ரெண்டு பேருக்கும் சேத்து 4000 வரைக்கும் ஆகலாம். இன்னொண்ணு, புரட்டாசி சனிக்கிழமை அவ கவுச்சி தொடமாட்டா, ஞாயித்துக்கிழமைன்னா பரவால்ல. ராத்திரி டின்னர்தான் மனசுல இருக்கு, நல்ல இடமா சொல்லுங்க.

பெட்போர்டு அக்கா:

தம்பி, மொதல்ல அந்த டின்னர் நினைப்ப விடுங்க. சினிமாவுல காட்டற மாதிரி மலைமேல ராத்திரி சாப்பாடுன்னா மேசைக்குப் பக்கத்துல வெளிச்சமும் வியூவும் இருக்கும்னு நினைச்சிட்டு வர்றாங்க, இங்க ஆறரைக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளிய இருட்டும் மஞ்சும்தான், மலையும் தெரியாது ஒண்ணும் தெரியாது, நீங்க பணம் குடுக்கறது உங்க மூஞ்சியே கண்ணாடியில தெரியறதுக்கு. அதுவுமில்லாம உங்க ஊர் மாதிரி பதினோரு மணி வரைக்கும் அடுப்பு எரியும்னு எதிர்பாக்காதீங்க, பல இடத்துல கடைசி ஆர்டர் சீக்கிரமே முடிஞ்சிரும். மதியம்தான் இங்க நல்ல நேரம்.

எப்படியும் மேட்டுப்பாளையத்துல இருந்து கொண்டை ஊசி வளைவு 14ம் ஏறி குன்னூர் வழியாத்தான் போவீங்க, நேரா ஊட்டிக்கு ஓடாம எங்க ஊர்லயே நில்லுங்க. ஆரஞ்ச் க்ரோவ் ரோட்ல 180 டிகிரி மெக்ஐவர்னு ஒரு பழைய பங்களா, பிரெஞ்சு ஸ்டைல் சாப்பாடு, புல்வெளி பக்கம் உக்காந்தா பள்ளத்தாக்கு முழுசும் தெரியும். முன்னாடியே ஃபோன் பண்ணி இடம் சொல்லி வச்சுட்டுத்தான் போகணும். சைவம்னு அப்பவே சொல்லிடுங்க.

சுக்கா வறுவல்:

4000 ரூவாய்க்கு பிரெஞ்சு சாப்பாடா, சுண்டு விரல் அளவு வச்சு சுத்தி ரெண்டு சொட்டு சாஸ் விடுவான். மார்க்கெட் பக்கம் பிரியாணி சாப்பிடுங்க, மிச்சத்துல ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கிட்டுப் போங்க.

பெட்போர்டு அக்கா:

புரட்டாசி சனின்னு அவர் எழுதியிருக்கறத படிச்சீங்களா தம்பி?

லவ்டேல் வாத்தியார்:

அக்கா சொன்ன மதியக் கணக்கு சரி, ஆனா ஊட்டியிலயும் இடம் இருக்கு. ஹேவ்லாக் ரோட்ல கிங்ஸ் கிளிஃப், வெள்ளக்காரன் காலத்து பங்களா, அதுக்குள்ள ஏர்ல்ஸ் சீக்ரெட்னு ரெஸ்டாரண்ட். கண்ணாடி போட்ட பகுதியில உக்காந்தா வெயிலும் கிடைக்கும் காத்தும் அடிக்காது. "ஸ்பெஷலா எங்கயாச்சும்"னு யார் கேட்டாலும் எங்க ஸ்டாஃப் ரூம்ல மொதல்ல சொல்றது இதத்தான். இல்ல, பெரிய ஓட்டல் மாதிரியே வேணும்னா சில்க்ஸ் ரோட்ல சவாய், அந்தத் தோட்டத்துல நடந்தாலே பாதி வயிறு நிறையும். சுத்த சைவம்னா சேரிங் கிராஸ்ல நாஹர் இருக்கு, சாப்பாட்டுக்கு குறை சொல்ல முடியாது, ஆனா சீசன்ல குடும்பம் குடும்பமா வருவாங்க, நீங்க விட்டுட்டு வந்த சத்தம் அங்க பக்கத்து மேசையில இருக்கும்.

பில் விஷயம் ஒண்ணு. ரூம் வாடகை 7500க்கு மேல உள்ள பெரிய ஓட்டல்கள்ல சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், மத்த இடத்துல 5. 4000ன்னு கணக்கு வச்சா மெனுவுல 3300 தாண்டாம பாத்துக்கோங்க. சர்வீஸ் சார்ஜ்னு தனியா போட்டா வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. போன வருசம் ஒரு இடத்துல, பேர் வேண்டாம், கணப்புப் பக்கம் உக்காந்ததுக்கு விறகுக் காசுன்னு தனியா ஒரு வரி போட்டு குடுத்தான், அதையும் கேட்டுட்டு உக்காருங்க.

பவானிக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. சர்ப்ரைஸா வைக்கலாம்னு இருந்தேன், முடியல, நேத்து ராத்திரி அவகிட்டயே கேட்டுட்டேன், எந்த மாதிரி இடம் வேணும்னு. பாத்திரம் தேச்சிட்டே சொன்னா, "எந்த இடமா இருந்தா என்ன, சூடா இருக்கும்போது சாப்பிடணும், அவ்வளவுதான்." ஏழு வருசமா பிள்ளைங்களுக்கு ஊட்டி முடிச்சு ஆறினதத்தான் சாப்பிடறேன்னா. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. வியூவ விடுங்க, இப்ப கேள்வி இதுதான், எங்க போனா சூடா கிடைக்கும்?

அருவங்காடு மாஸ்டர்:

இத்தனை பேர் வியூ பத்தி பேசிட்டு இருந்தீங்க, அந்தம்மா ஒருத்தங்கதான் சரியான கேள்வி கேட்டிருக்காங்க. நான் இந்த மலையில ஓட்டல் கிச்சன்ல 20 வருசத்துக்கு மேல நின்னவன். ஊட்டி 2240 மீட்டர், இங்க தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிரும், குக்கர் இல்லாம பருப்பு வேகறதுக்குள்ள விடிஞ்சிரும். அதாவது கொழம்பு அடுப்புல இருக்கும்போதே உங்க ஊர் அளவு சூடு கிடையாது, அத ஜில்லுன்னு இருக்கற பீங்கான் தட்டுல ஊத்தினா ரெண்டு நிமிசத்துல எண்ணெய் ஏடு கட்டிரும். புஃபே பக்கம் போயிடாதீங்க, பாத்திரத்துக்குக் கீழ மெழுகுவத்தி மாதிரி ஒண்ணு எரியும், அது ஆவி வர்றதுக்குத்தான், சூட்டுக்கு இல்ல. தோட்டத்துல மேசை போடறேன்னாலும் சாயங்காலத்துக்கு மேல வேண்டாம்.

சனிக்கிழமைக்கு நான் சொல்றது கிளப் ரோட்ல பிளேஸ் டு பீ. கீஸ்டோன் ஃபவுண்டேஷன்காரங்க தேனீ மியூசியத்தோட சேந்தது, பழங்குடி மக்கள் எடுக்கற தேன் பத்தின மியூசியம், இத்தாலியன் சாப்பாடு. பீட்சா அடுப்புல இருந்து நேரா மேசைக்கு வரும், சைவத்துலயே நிறைய இருக்கு. முட்டை சேத்த பாஸ்தா எதுன்னு கேட்டுக்கோங்க, விரதம்னா அதுவும் ஆகாதுல்ல.

ஞாயித்துக்கிழமைக்கு கமிஷனர் ரோட்ல ஷின்கோஸ். 1954ல இருந்து சீனக் குடும்பம் நடத்தற கடை. அலங்காரம் ஒண்ணும் இருக்காது, மரப்பெஞ்சு மாதிரி மேசை, ஆனா சைனீஸ்னா சட்டியில பெரிய தீயில பிரட்டி அப்படியே கொட்டறது, அதைவிட சூடா மலையில எதுவும் கிடைக்காது. ஒரே நேரத்துல எல்லாத்தையும் ஆர்டர் பண்ணாதீங்க. மொதல்ல சூப், அது முடிஞ்சப்புறம் அடுத்தது சொல்லுங்க, அவசரப்பட உங்களுக்குத்தான் ஆள் இல்லையே. மத்தியானம் ரெண்டரைக்குள்ள முடிச்சு கோத்தகிரி வழியா இறங்கினா வெளிச்சத்துலயே மேட்டுப்பாளையம் போயிரலாம், ஐப்பசி மழை முன்னாடியே ஆரம்பிச்சா ராத்திரி காட் ரோடு வேண்டவே வேண்டாம்.

எங்க போனாலும் ஃபோன் பண்ணும்போதே தட்ட சுட வச்சு குடுங்கன்னு சொல்லுங்க. கிச்சன்ல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நாங்களே எங்களுக்கு அப்படித்தான் வச்சுக்குவோம்.

சுக்கா வறுவல்:

மாஸ்டர் சொன்னா சரிதான். ஆனா வர்க்கி வாங்கிட்டுப் போங்க.

பெட்போர்டு அக்கா:

அப்ப எங்க குன்னூரு அம்போவா? சரி விடுங்க, ஏறும்போது டீக்காவது நில்லுங்க தம்பி.

பவானிக்காரன்:

கண்டிப்பா நிக்கறோம்க்கா. மாஸ்டர் சொன்னபடியே சனிக்கும் ஞாயித்துக்கும் முடிவு பண்ணியாச்சு. சனிக்கிழமை ராத்திரிக்கு மட்டும் ரூம்லயே சப்பாத்தி குருமா கேக்கலாம்னு ஓட்டலுக்கு ஃபோன் பண்ணி, தட்ட சுட வச்சு குடுப்பீங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் "குழந்தைங்களுக்கா சார்?"ன்னாங்க. இல்லீங்க, அவங்க அம்மாவுக்குன்னு சொல்லிட்டேன்.