மறு: 'மோனோஃபேகஸ்': ஒருசெடிதின்னி எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே ஒரு வகைத் தாவரத்தை மட்டும் தின்று வாழும் பூச்சியை ஆங்கிலத்தில் 'மோனோஃபேகஸ்' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் பேச்சு வந்தது. அதில் ஐயா ஒருவர் முன்வைத்த 'ஒற்றைத் தாவர உண்ணி' பொருளளவில் சரியே. ஆனால் எங்கள் ஊரில் உண்ணி என்றால் மாட்டின் காதுமடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிப்பது. யானையையும் மானையும் 'தாவர உண்ணி' என்று பாடநூல் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். பூச்சி என்று வரும்போதுதான் சிக்கல். மேய்ப்பவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், மாட்டுண்ணிதான் அவர் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'ஒருசெடிதின்னி'. எறும்புதின்னி, பழந்தின்னி வௌவால் என்று 'தின்னி' ஏற்கெனவே நம் வாயில் புழங்குகிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால் எறும்புதின்னியைப் போலவே இதிலும் வல்லினம் மிகாது.

குழுவில் அம்மா ஒருவர் சொன்ன 'ஓரினந்தின்னி' சுருக்கமாக இருக்கிறது. ஆனால் தன் இனத்தையே தின்பது என்று படிக்க இடம் தருகிறது. அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? வெப்பமண்டல வறண்ட காட்டில் எத்தனை வகைப் பூச்சி என்ற கணக்கே, ஒரு பூச்சி எத்தனை வகைச் செடியைத் தின்கிறது என்பதில்தான் தொங்குகிறது. நடு அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவின் வடமேற்கில் உள்ள குவானகாஸ்தேயில் ஏறத்தாழ ஆறு மாதம் மழை கிடையாது. மே மாத மழையில் காடு தளிர்த்ததும் புழுக்கள் பெருகும், இலை முற்ற முற்றக் குறையும். அங்கே சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 1978 முதல் புழுக்களைப் பிடித்து, எந்தச் செடியில் கிடைத்ததோ அதன் இலையையே கொடுத்து வளர்த்துக் குறித்து வருகிறார்கள். விதையைத் துளைக்கும் வண்டுகளைப் பற்றி 1980இல் ஜான்சன் எழுதிய கட்டுரையின்படி, சுமார் 110 வண்டினங்களில் நான்கில் மூன்று பங்கு ஒரே ஒரு தாவர இனத்தின் விதையை மட்டும் நம்பி வாழ்பவை. அந்த மரம் போனால் வண்டும் போகும்.

இன்னொன்று. 1775இல் பெயரிடப்பட்ட அஸ்ட்ராப்டஸ் ஃபல்ஜரேட்டர் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அங்கே பல வகைச் செடிகளில் கிடைத்தன. பலசெடிதின்னி என்று யாரும் எழுதியிருப்பார்கள். 2004இல் டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டை (இனத்தை அடையாளம் காட்டும் சிறு மரபணுத் துண்டு) புழுவின் நிறத்தோடும் தின்ற செடியோடும் சேர்த்துப் பார்த்தபோது, அது பத்து இனங்கள் என்று தெரிந்தது. ஒவ்வொன்றின் உணவுப் பட்டியலும் சுருங்கியது. அவற்றுக்கு வைத்த தற்காலிகப் பெயர்களைப் பாருங்கள்: செல்டிஸ் மரத்தில் இருப்பது 'செல்ட்', ட்ரைகோனியாவில் இருப்பது 'ட்ரைகோ'. முருங்கைக் கம்பளிப்புழு என்று நாம் சொல்வதும் இதே வழக்கம்தானே!

ஆகவே முன்னொட்டை மட்டும் மாற்றக்கூடிய சொற்குடும்பமாக அமைப்பது நல்லது. நிலக்கடலை, பருத்தி, ஆமணக்கு என்று எதையும் விடாத புரோடீனியா புழு பலசெடிதின்னி. நடுவில் இருப்பவைதான் தொல்லை. போன மாதம் தரிசில் ஆடுதின்னாப்பாளைக் கொடி ஒன்றைப் புரட்டினேன். ஆடே தொடாத அந்த இலையை, உடம்பெங்கும் சிவந்த சதைமுட்களும் நடுவில் வெள்ளைப் பட்டையுமாக ஒரு கரும்புழு விளிம்பிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அதே புழு பெருமருந்துக் கொடியிலும் வளரும். இரண்டும் ஒரே பேரினம். இதை ஒருசெடிதின்னி என்பது தவறு, பலசெடிதின்னி என்பது அதைவிடத் தவறு. 'சிலசெடிதின்னி' எனலாம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் நாரத்தையிலும் காணும் புழுவுக்கும் இதுவே பொருந்தும்.

மரத்தைச் செடி எனலாமா என்று கேட்பீர்கள். நாற்றங்காலில் மாஞ்செடி, புளியஞ்செடி என்றுதான் விற்கிறார்கள். ஆனாலும் ஐம்பதடி மரத்தின் விதைக்குள் இருக்கும் வண்டை ஒருசெடிதின்னி என்று எழுதும்போது எனக்கே சற்று நெருடுகிறது. 'தாவரந்தின்னி' என்று மாற்றினால் நீளம் கூடிவிடுகிறது. மரம், செடி, கொடி மூன்றையும் அடக்கும் குறுஞ்சொல் உங்கள் வட்டாரத்தில் புழங்கினால் எழுதுங்கள். பயிர்ப்பூச்சிக்கு உழவர்கள் வைத்திருக்கும் பெயர்களும் வேண்டும்.

அன்புடன்.