14 பேர் வாழும் நிக்கோடெமஸ் ஏன் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், கிரகாம் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நிக்கோடெமஸ் என்றோர் ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 14 பேர்தான் வாழ்கிறார்கள். மேயரோ நகர மன்றமோ கிடையாது. இவ்வளவு சிறிய ஊரை 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது ஏன்? ரயில் வராததால் ஊர் அழிந்துவிட்டது என்று படித்தேன். அது சரிதானா?

மறுமொழி 1

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஊர் அது. 1877இல் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினத்தவரைத் தலைவராகவும், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையரைப் பொருளாளராகவும் கொண்ட ஒரு குழு, சொந்த நிலம் கிடைக்கும் என்று துண்டறிக்கை அச்சிட்டுக் கென்டக்கியில் பரப்பியது. அதை நம்பி அவ்வாண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 300 பேர் வந்து சேர்ந்தார்கள்.

வந்த இடத்தில் வீடுகட்ட மரமே இல்லை. எனவே தரையைத் தோண்டிக் குழிவீடு அமைத்தார்கள். 1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கணவரிடம் கேட்டதாகவும், அவர் சுட்டிய திசையில் நிலத்திலிருந்து புகை எழுந்ததை மட்டுமே கண்டு அழுதுவிட்டதாகவும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் புகைக்குக் கீழேதான் குடும்பங்கள் வாழ்ந்தன. முதல் குளிர்காலத்தில் வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவைப் பகிர்ந்து காப்பாற்றியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த மக்களிடமிருந்து எழுந்தவர்தான் எட்வர்ட் மெக்கேப். 1882இல் கான்சாஸின் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறை ஒழிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மறுமொழி 2

ரயில் பற்றிக் கேட்டீர்கள். 1887இல் ரயில் பாதையை வரவழைப்பதற்காக 16,000 டாலர் கடன்பத்திரம் வெளியிட ஊரார் வாக்களித்தார்கள். ஆயினும் 1888இல் யூனியன் பசிபிக் பாதை சாலமன் ஆற்றின் மறுகரையில், சில மைல் தள்ளிப் போயிற்று. அங்கே முளைத்த போக் என்ற ஊருக்குக் கடைகள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தன. நகராட்சியாக வளர்ந்திருக்கக்கூடிய ஊர், கவுண்டியும் அதன் உட்பிரிவான டவுன்ஷிப்பும் நிர்வகிக்கும் சிறு குடியிருப்பாகவே நின்றுவிட்டது. 1930களின் புழுதிப் புயல்கள் மேலும் பலரை வெளியேற்றின. 1953இல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

மறுமொழி 3

மேலே சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் ‘அழிந்தது’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வணிகம்தான் போயிற்று, நிலத்தைப் பிடித்துக்கொண்ட உழவர் குடும்பங்கள் இருந்தன. டவுன்ஷிப் மண்டபம், இரண்டு தேவாலயங்கள், செயின்ட் பிரான்சிஸ் விடுதி, பள்ளிக்கூடம் ஆகிய ஐந்து கட்டடங்களே இன்று வரலாற்றுத் தலம். 14 என்ற எண் அங்கே குடியிருப்போரை மட்டும் எண்ணுகிறது. தம் ஊர் இது என்று சொல்வோரை எண்ணுவதில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை முறை ஒழிந்ததை முன்னிட்டுத் தொடங்கிய விடுதலை விழா, இப்போது ஊர் திரும்பும் விழாவாகத் தொடர்கிறது. ஆண்டுதோறும் ஜூலை இறுதியில், முதற்குடிகளின் வழிவந்தவர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். அந்நாட்களில் அந்த மண்டபத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள்.