புளியரை ஏற்றமும் ஜிபிஎஸ் வாட்சும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்கோட்டைக்காரர்:
செங்கோட்டை பக்கம் புளியரையிலிருந்து கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசல் வரை மலையேறி ஓடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தில் வாட்ச் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள். கீழே வயக்காட்டு ஓரம் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் போகிற ஆளுக்கு, எஸ் வளைவு தாண்டியதும் 8 நிமிடம் என்று காட்டினால் மனசு கேட்காது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று இழுப்பார், பாதியிலேயே இடுப்பில் கைவைத்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வந்தால் இப்படி நாலு பேரையாவது பார்க்கலாம்.

மலையில் உடம்பு படும் பாடு வேகத்தில் தெரியாது, துடிப்பில்தான் தெரியும். அதனால் ஏற்றத்துக்கென்று தனியாக ஒரு திரை வைத்திருக்கிறேன். அதில் இதயத்துடிப்பும் ஓடிய நேரமும் மட்டும்தான். துடிப்பு 150ஐத் தாண்டினால் நடை, இறங்கினால் மறுபடி ஓட்டம். கேரளாவுக்குப் போகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதே 150க்குள் மேலே போய்ச் சேருகிற நேரம் மாதாமாதம் குறைகிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு. ஆனால் சாரல் காலத்து ஓட்டத்தைச் சாரல் காலத்தோடுதான் ஒப்பிட வேண்டும். சித்திரை வெயிலில் அதே வேகத்துக்குத் துடிப்பு தானாகவே கூடிவிடும். அதைப் பார்த்து ‘ஃபிட்னஸ் போச்சு’ என்று பதற வேண்டியதில்லை.

தென்காசிக்காரர்:
அண்ணே, அந்த 150 எங்கிருந்து வந்தது? எனக்கு வாட்ச் வேறு ஏதோ சொல்கிறது.

செங்கோட்டைக்காரர்:
அது என் உடம்புக்கான எண் தம்பி, அப்படியே எடுத்துக்கொள்ளாதே. வாட்ச் பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்து, அதை உச்சத் துடிப்பென்று வைத்துத்தான் ஆரம்பிக்கும். அது ஊருக்கெல்லாம் பொதுவான உத்தேசம், ஆளுக்கு ஆள் நன்றாகவே மாறும். சமதரையில் நன்றாகச் சூடேறியபின் 30 நிமிடம், கடைசி வரை தாக்குப்பிடிக்கிற அளவுக்கு முழுமூச்சாக ஓடு. முதல் 10 நிமிடத்தை விட்டுவிட்டு மீதி 20 நிமிடச் சராசரித் துடிப்பை எடு. அதுதான் ஏறக்குறைய உன் எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் உடம்பு ரொம்ப நேரம் தாங்காது. சாதாரண நாளில் அதற்கு நன்றாகக் கீழே, பேசிக்கொண்டே ஓடுகிற அளவில் இருந்தால் போதும். நெஞ்சுவலி, தலைசுற்றல் எதுவும் உண்டென்றால் இந்தச் சோதனைக்கு முன்னால் டாக்டரைப் பார்.

கம்பத்துக்காரர்:
துடிப்பை நம்பச் சொல்கிறீர்கள், சரி. மணிக்கட்டு வாட்ச் சொல்கிற துடிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லோயர் கேம்ப் பக்கம் அதிகாலைக் குளிரில் கிளம்பினால், கூட வருபவரோடு நான் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பேன், வாட்ச் 176 என்று அலறும். கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் 130ஐ ஒட்டித்தான் வரும். அந்த 176 என்னவென்று பார்த்தால், நிமிடத்துக்கு நான் வைக்கிற காலடி எண்ணிக்கை! பச்சை வெளிச்சத்தைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற கருவி அது. குளிரில் தோலுக்கு ரத்தம் குறைந்து, பட்டையும் தளர்வாக இருந்தால், கை ஆட்டத்தையே துடிப்பென்று எடுத்துக்கொள்கிறது. மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டியதில் பாதி சரியானது. மீதிக்கு, நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கிற மார்புப் பட்டை வாங்கிவிட்டேன். மாட்டும்முன் அதை லேசாகத் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடக்கத்தில் அதுவும் உளறும்.

கோபாலபுரத்துக்காரர்:
எங்களுக்கு மலை கிடையாது, தென்னந்தோப்பு நிழல்தான். மரத்தடியில் சாட்டிலைட் சிக்னல் தடுமாறி, அந்தந்த நொடி வேகம் கிலோமீட்டருக்கு 5:10, 6:40 நிமிடம் என்று குதிக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் லேப்புக்கான சராசரி வேகத்தை வைத்தபிறகு நிம்மதி. கிளம்பும்முன் வெட்டவெளியில் நின்று சாட்டிலைட் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். 400 மீட்டர் டிராக்கில் வாட்ச் 410 என்று சொன்னால் தரையில் போட்ட கோட்டை நம்புங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் லேப் பட்டனை நீங்களே அழுத்திக்கொள்ளலாம்.

தென்காசிக்காரர்:
ஒரே ரோட்டில் ஒருநாள் 180 மீட்டர் ஏற்றம், இன்னொரு நாள் 260 என்கிறதே?

செங்கோட்டைக்காரர்:
மழையில் ஓடினாயா? உயரத்தைக் காற்றழுத்தம் வைத்துக் கணக்குப் போடுகிற மாடலாக இருந்தால், பக்கவாட்டில் பொடி ஓட்டைகள் இருக்கும். வியர்வை உப்பும் தண்ணீரும் அடைத்தால் இப்படித்தான் தாறுமாறாக வரும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அலசிக் காயவை, ஊசி எதுவும் விட்டுக் குத்தாதே. அடுத்த ஞாயிறு ஓடிவிட்டு எவ்வளவு காட்டுகிறது என்று இங்கேயே போடு.