ஒப்புதல் தந்தவரின் உறுப்புதானத்தைக் குடும்பத்தார் மறுக்கலாமா?

கேள்வி: மூளைச்சாவு அடைந்தவர் முன்பே உறுப்புதானத்துக்கு எழுத்தில் ஒப்புதல் தந்திருந்தும், துயரத்தில் இருக்கும் குடும்பத்தார் மறுத்தால், மருத்துவர்கள் யாருடைய சொல்லை ஏற்க வேண்டும்?

பதில் 1: இறந்தவரின் சொல்லையே. உயிலை மதிக்கும் நாம், தம் உடலைப் பற்றி அவர் எடுத்த முடிவை மட்டும் பிறர் மாற்ற விடுவது முரண்.

பதில் 2: நடைமுறை அவ்வளவு எளிதன்று. மறுப்புத் தெரிவிக்காத அனைவரையும் கொடையாளராகக் கருதும் சட்டத்தை 1979-இல் இயற்றிய ஸ்பெயினில்கூட, மருத்துவர்கள் குடும்பத்தாரின் இசைவைக் கேட்கிறார்கள். உறுப்புதானத்தில் அந்நாடு முன்னிலை வகிப்பதற்குச் சட்டத்தைவிட, குடும்பத்தாரிடம் பொறுமையாகப் பேசப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களே காரணம் என்பது என் கருத்து.

பதில் 3: மூளைச்சாவை உறுதிசெய்பவர் மாற்று அறுவைக் குழுவில் இருக்கக் கூடாது என்னும் விதியையும் குடும்பத்தாருக்கு விளக்க வேண்டும். பல மறுப்புகளுக்குப் பின்னால் இருப்பது, உறுப்புகளுக்காகவே மூளைச்சாவு என்று அறிவித்துவிடுவார்களோ என்னும் ஐயமே.