மெம்பூலில் சைஸ்_டியை யூஇன்ட்32 ஆக்கினால் என்ன குடி முழுகிவிடும்?

கோப்புப்பூச்சி:
நாங்கள் எழுதிவரும் சி++ நோடில், மெம்பூலின் (பிளாக்கில் சேரக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் தொகுப்பு) பதிவு ஒவ்வொன்றும் பரிவர்த்தனையின் அளவை சைஸ்_டியில் (அன்சைன்டு, அதாவது மைனஸ் வராத எண் டைப்) வைத்திருக்கிறது. 64 பிட் இயந்திரத்தில் அதற்கு 8 பைட். ஆனால் பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் போலவே, 1,00,000 விர்ச்சுவல் பைட்டைத் தாண்டிய பரிவர்த்தனையை நாங்கள் பூலுக்குள் விடுவதே இல்லை. அப்புறம் எதற்கு 8 பைட்? 4 பைட் யூஇன்ட்32 தாராளமாகப் போதும். தேடி மாற்றிவிட்டேன். கம்பைல் ஆகிறது, டெஸ்ட் எல்லாம் பச்சை. ரிவ்யூ செய்தவர் மட்டும் "தொடாதே" என்கிறார், காரணம் சொல்லமாட்டேன் என்கிறார். ஓடுகிற கோடு மேல் இருக்கும் பயத்தைத் தவிர இதில் வேறு ஏதாவது இருக்கிறதா?

பழைய_கம்பைலர்:
இருக்கிறது. பிள்ளைப் பரிவர்த்தனையை (இன்னொன்றின் வெளியீட்டைச் செலவழிப்பது) நீக்கும்போது, தாய்ப் பதிவில் இருக்கும், பிள்ளைகளையும் சேர்த்த மொத்த அளவைக் குறைக்கிறீர்கள் அல்லவா? அந்த வரியைக் கொஞ்சம் இங்கே போடுங்கள்.

கோப்புப்பூச்சி:
கூட்டவும் கழிக்கவும் ஒரே ஃபங்ஷன்தான். அது வாங்குவது இன்ட்64, அதாவது மைனஸும் வரக்கூடிய சைன்டு எண். நீக்கும்போது:

தாய்.மொத்தத்தை_மாற்று( -பிள்ளை.அளவு() );

பழைய_கம்பைலர்:
நினைத்தேன். பிள்ளை 250 பைட் என்று வையுங்கள். பழைய கோடில் 64 பிட் அன்சைன்டு 250-க்கு மைனஸ் போட்டால் ராட்சச எண் ஒன்று வரும். அதை இன்ட்64-இல் போடும்போது அதே பிட்கள் -250 என்று படிக்கப்படும். சரியான விடை, ஆனால் தற்செயலாக வந்த விடை. யூஇன்ட்32 ஆக்கிவிட்டால் மைனஸ் 32 பிட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். விடை 4294967046. இன்ட்64-க்குள் அது சுகமாக அடங்கும் என்பதால் அப்படியே கூட்டல் எண்ணாகப் போய் உட்காரும். 250 குறைய வேண்டிய இடத்தில் 429 கோடிக்கு மேல் ஏறும். நோடு விழாது, லாகில் ஒன்றும் வராது. அந்தத் தாய்க்கு அடுத்த பிள்ளை வரும்போது "வரம்பு தாண்டிவிட்டது" என்று திருப்பி அனுப்பும், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. சைன் மாற்றத்துக்கான எச்சரிக்கையை ஜிசிசி கம்பைலரில் போட்டிருந்தால், பழைய வரியைப் பார்த்து அது முணுமுணுத்திருக்கும். புதிய வரியைப் பார்த்து ஒன்றும் சொல்லாது. 32 பிட் அன்சைன்டு எண் எதுவானாலும் இன்ட்64-இல் மதிப்பு மாறாமல் அடங்கும், அதனால் அதன் கணக்கில் தவறே இல்லை. நீங்கள் வைத்தது பிழை, கூடவே அலாரத்தையும் கழற்றிவிட்டீர்கள்.

மைனஸ்_ஒன்று:
இதற்குத்தான் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன், கழிக்கப்போகும் எதையும் அன்சைன்டில் வைக்காதீர்கள் என்று. எல்லாவற்றையும் இன்ட்64 ஆக்குங்கள். மொத்தம் 1000 இருக்கும்போது கணக்குப் பிசகி 1200 கழித்தால் -200 வரும், ஒரு அசர்ட் சோதனை போதும் பிடிக்க. யூஇன்ட்64-இல் அதுவே 18446744073709551416. "பூல் நிரம்பிவிட்டது" என்று நினைத்து, இருக்கிற பரிவர்த்தனைகளையெல்லாம் வெளியே தள்ளும்.

பழைய_கம்பைலர்:
சைன்டு என்றால் சர்வரோக நிவாரணியா? 2010 ஆகஸ்ட் 15 ஞாபகம் இருக்கிறதா? பிட்காயின் பிளாக் 74638. ஒரே பரிவர்த்தனையில் இரண்டு வெளியீடுகள், ஒவ்வொன்றும் 9,223 கோடி காயினுக்கு மேல். தனித்தனியே பார்த்தால் இரண்டும் இன்ட்64-க்குள் அடங்கும். கூட்டினால் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்குக் கீழே போனது, சோதனையும் கைகாட்டி அனுப்பியது. எல்லாம் உங்கள் சைன்டு எண்கள்தான்.

மைனஸ்_ஒன்று:
அது டைப்பின் குற்றமில்லை, வரம்பைச் சோதிக்காத குற்றம். மொத்தமே 2.1 கோடி காயின்தான் என்று ஒவ்வொரு வெளியீட்டிலும், ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் பார்த்திருந்தால் நடந்திருக்காது. பிறகு அப்படித்தான் சரிசெய்தார்கள்.

பழைய_கம்பைலர்:
சரி, பெருக்கலுக்கு வாருங்கள். இரண்டு பரிவர்த்தனைகளின் கட்டண வீதத்தை ஒப்பிட, வகுக்காமல் இதன் கட்டணத்தை அதன் அளவால் குறுக்கே பெருக்குவோம். கட்டணத்தின் உச்சம் 21 கோடி கோடி சடோஷி (ஒரு காயின் 10 கோடி சடோஷி). அதை 1,00,000-ஆல் பெருக்கினால் இன்ட்64-இன் உச்சத்தைப் போல் 20 மடங்குக்கு மேல் போகும். அங்கே 128 பிட் வேண்டும். "எல்லாம் இன்ட்64" என்ற விதி அந்த ஒரே வரியில் செத்துவிடும்.

மைனஸ்_ஒன்று:
அந்த வரிக்கு 128 பிட். ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி நான் சொன்னதுதான்.

துருப்பிடித்தவன்:
ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் அன்சைன்டு எண்ணுக்கு மைனஸ் போடவே கம்பைலர் விட்டிருக்காது. சும்மா சொல்லி வைத்தேன்.

பழைய_கம்பைலர்:
வாங்க, உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன். அதே ரஸ்டில் 'ஆஸ்' போட்டு யூ64-ஐ யூ32 ஆக்கினால் மேல்பாதியைச் சத்தமில்லாமல் வெட்டும். ரிலீஸ் பில்டில் ஓவர்ஃப்ளோவும் இயல்பாகச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

கோப்புப்பூச்சி:
டெஸ்ட் எழுதிப் பார்த்தேன். தாய் 400, பிள்ளை 250. பிள்ளையை நீக்கினால் தாயின் மொத்தம் 400 ஆக வேண்டும். வந்தது 4294967696. இதுவரை இருந்த டெஸ்ட்கள் எல்லாம் பூலில் சேர்த்துத்தான் பார்த்தன, ஒன்றுகூட நீக்கிப் பார்க்கவில்லை.

கிளாங் கம்பைலரின் இன்டிஜர் சானிடைசரோடு (ஓடும்போதே எண் பிழைகளைப் பிடிப்பது) ஓட்டினேன், அதே வரியைக் கைகாட்டியது. இப்போது பதிவில் இன்ட்32, மொத்தங்களில் இன்ட்64. வெக்டரின் சைஸிலிருந்து எண் உள்ளே வரும் ஒரே இடத்தில் வரம்புச் சோதனை. டைப் மாற்றம் ஒரு கமிட், டெஸ்ட் அதற்கு முந்தைய கமிட். இது போதுமா?

பழைய_கம்பைலர்:
போதும். ஒன்றே ஒன்று, மிச்சமாகும் 4 பைட்டுக்காகத்தானே ஆரம்பித்தீர்கள்? பதிவின் மொத்த சைஸை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அச்சிட்டுப் பாருங்கள்.

கோப்புப்பூச்சி:
பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். அடுத்த ஃபீல்டு இன்ட்64, மிச்சமான 4 பைட்டை பேடிங் (ஃபீல்டுகளை வரிசைப்படுத்த கம்பைலர் விடும் வெற்றிடம்) தின்றுவிட்டது. டெஸ்ட் கமிட்டை மட்டும் மெர்ஜ் செய்கிறேன்.